நூற்று அறுபதாவது நூலகம்

அந்த அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் 'சந்தா அக்கா'. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த ஆசிரியரும் அப்படித்தான் கூப்பிட்டார். தபால்காரரும், மாடியில் இருந்த பல் மருத்துவரும் அப்படியே. அவளும் வேறு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள்.

கால்நடை மருத்துவர் சங்கம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆய்விதழ் வெளியிட்டு வந்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் குதிரைக்கும் வரும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதும் கட்டுரைகள். அலுவலகம் இரண்டே அறை. மேலே யாராவது பல் பிடுங்கிக்கொண்டால் கீழே காது கொடுத்துக் கேட்கலாம். இருபத்து மூன்று வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள், ஐம்பத்து நான்கு வயதிலும் அதே ஜன்னலோர மேசையில் இருந்தாள். நாற்காலியை மட்டும் இரண்டு முறை மாற்றினார்கள்.

சந்தாதான் அவள் வேலை. பல்கலைக்கழக நூலகங்கள், கல்லூரி நூலகங்கள், மருந்து கம்பெனிகள் எல்லாம் வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். கட்டாதவர்களுக்குக் கடிதம் போக வேண்டும். முதல் கடிதம் பணிவாக இருக்கும். இரண்டாவது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். மூன்றாவதில் 'இதழ் நிறுத்தப்படும்' என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். "அடியாத மாடு படியாது" என்பாள். ஆசிரியர் நாற்பது வருடம் மாடு பார்த்த டாக்டர். "மாட்டை அடிச்சா பால்தான் குறையும்" என்பார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவள் எழுதிய கடிதம் எதையும் அவர் படித்துப் பார்த்ததே கிடையாது. இது பின்னால் பெரிய வினையாக முடிந்தது.

இதழ் கணினிக்குப் போனதும் உறையில் ஒட்டும் முகவரிச் சீட்டுகள் போயின, பூட்டு வந்தது. சந்தா கட்டிய ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு கடவுச்சொல். அதைப் போட்டால்தான் கட்டுரை திறக்கும். மற்றவர்களுக்குத் தலைப்பும் முதல் பத்தியும் தெரியும், பிறகு கதவு. அந்தக் கதவைக் காக்கும் வேலை சந்தா அக்காவுக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம், அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒருமுறை கட்டுரை எழுதிய பேராசிரியரே போன் செய்தார், தன் கட்டுரையைத் தன்னாலேயே திறக்க முடியவில்லை என்று.

"எழுதினது நான்தாங்க."

"எழுதினது நீங்கதான் சார். உங்க காலேஜ் சந்தா கட்டியிருக்கா?"

இதை அவள் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரே தங்கை. எட்டு வயது இளையவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தங்கையைப் படிக்க வைத்தது அக்காதான். அந்தச் சம்பளத்தில், அந்த மேசையில் உட்கார்ந்து வாங்கிய சம்பளத்தில், தங்கை கால்நடை மருத்துவம் படித்தாள். படித்து முடித்து, தொலைவில் ஒரு சிறு ஊரில் அரசாங்க மாட்டாஸ்பத்திரியில் டாக்டரானாள். ஒரு மேசை, மருந்து வைக்க ஒரு குளிர்பெட்டி, வெளியே மாடு கட்ட நான்கு கம்பம், இவ்வளவுதான் ஆஸ்பத்திரி. காலையில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவள் அவ்வப்போது போன் செய்வாள். "அக்கா, போன இதழ்ல மடி வீக்கத்தைப் பத்தி ஒரு கட்டுரை வந்திருக்காமே. அனுப்பேன்."

"உங்க ஆஸ்பத்திரி சந்தா கட்டலையே."

"எங்க ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு வாங்கவே வழியில்ல."

"தங்கச்சிக்குன்னு ஒண்ணு குடுத்தா, நாளைக்கு மச்சினன்னு ஒருத்தன் வந்து நிப்பான். என்னால முடியாதும்மா."

தங்கை சிரித்துவிட்டு, "சரி விடு" என்பாள். பிறகு கேட்பது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். சிலருக்குத் தங்களுக்கு வசதியானது மட்டும்தான் புரியும்.

சில மாதம் கழித்து ஒரு கல்லூரி நூலகத்தின் கணக்கில் ஏதோ இடித்தது. மாதம் நான்கு கட்டுரை திறந்தால் அதிகம் என்றிருந்த கல்லூரி, திடீரென்று அறுபது கட்டுரை திறந்தது. அதுவும் விடிகாலை ஐந்து மணிக்கு. எந்தக் கல்லூரியில் விடிகாலை ஐந்து மணிக்குப் படிக்கிறார்கள்? கடவுச்சொல்லை யாரோ வெளியாளிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தா அக்கா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். பூட்டினாள். அதோடு விட்டாளா? கல்லூரி முதல்வருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினாள், மூன்றாவது வகைக் கடிதம். நூலகருக்கு மெமோ வந்தது, அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. கோபத்தில் கல்லூரி சந்தாவையே நிறுத்திவிட்டது.

தங்கை வேலை பார்க்கும் ஊரில்தான் அந்தக் கல்லூரி இருந்தது. அது அக்காவுக்குத் தெரியாததல்ல. தோன்றவில்லை. தங்கை போன் செய்து சொன்ன பிறகுதான் தோன்றியது.

"எனக்காகத்தான் அந்த லைப்ரரியன் குடுத்தாரு. மாட்டைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் படிப்பேன். ஒரு நல்ல மனுஷனை மாட்டிவிட்டுட்டீங்களே."

'நீங்க' என்று தங்கை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னாள். பிறகு பதினோரு வருடம் அந்த மரியாதை குறையவே இல்லை. கல்யாணம் காரியம் என்றால் வருவாள், அக்காவின் கணவரிடம், "மாமா, அவங்களுக்குச் சுகர் எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அந்த 'அவங்க' இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பாள். வேலையைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. 'அக்கா' என்று ஒரு சொல் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். மரியாதைக்கு என்ன மருந்து?

உலகமும் அந்தப் பதினோரு வருடத்தில் சும்மா இருக்கவில்லை. அரசாங்கப் பணத்தில் செய்த ஆராய்ச்சியை எதற்குப் பூட்டி வைக்கிறீர்கள் என்று நாலு பக்கமும் கேட்க ஆரம்பித்தார்கள். சின்ன இதழ்களைப் பெரிய பதிப்பகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வாங்கின. அப்படி ஒரு கம்பெனி இந்த இதழையும் கேட்டு வந்தது. இதழைத் தங்களிடம் கொடுத்தால் படிப்பவர்களுக்கு இலவசமாகத் திறந்து விடுவதாகவும், கட்டுரை எழுதுகிறவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னது. ஆசிரியருக்கு வந்ததே கோபம்.

"ஆராய்ச்சியும் அவன் பண்ணணும், கட்டுரையும் அவன் எழுதணும், பணமும் அவனே கட்டணுமா? பெரிய யூனிவர்சிட்டிக்காரன் கட்டுவான். கிராமத்துல உக்காந்து ஆட்டைப் பத்தி எழுதறவன் எங்க போவான்?"

சங்கம் கூடிப் பேசி, கடைசியில் ஒரு புது வழிக்கு ஒத்துக்கொண்டது. நூலகங்கள் இப்போது போலவே சந்தா கட்டட்டும். டிசம்பர் முடிவதற்குள் நூற்று அறுபது நூலகங்கள் சேர்ந்துவிட்டால், அடுத்த வருட இதழ் முழுவதும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்துவிடப்படும். எழுதுகிறவரும் கட்ட வேண்டாம், படிக்கிறவரும் கட்ட வேண்டாம். ஒரு நூலகம் குறைந்தாலும் அந்த வருடம் பழையபடி பூட்டு, கட்டியவர்களுக்கு மட்டும். அப்படிக் குறைந்தால் அந்த வருடத்தோடு இதழைக் கம்பெனியிடமே கொடுத்துவிடுவது என்றும் தீர்மானத்தில் ஒரு வரி இருந்தது. முந்தைய வருடம் நூற்று எழுபத்தொரு நூலகங்கள் கட்டியிருந்தன. அதனால் அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தா அக்கா கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். 'யார் வேண்டுமானாலும்' என்று எழுதியபோது கை நின்றது. விடிகாலை ஐந்து மணிக்குத் தங்கை எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல், யாருக்கும் மெமோ வாங்கிக் கொடுக்காமல் படிக்கலாம். அன்று முழுக்க அவள் வேறு எதையும் நினைக்கவில்லை.

நூலகங்களுக்கு அறிவிப்புக் கடிதம் எழுத வேண்டும். முப்பது வருடமாக மிரட்டல் கடிதமே எழுதி வந்தவளுக்கு நல்ல செய்தி எழுத ஒரு வாய்ப்பு. விடுவாளா? முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் போட்டாள்: 'வரும் ஆண்டு முதல் நம் இதழை உலகில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.' அடுத்த பத்தியில் சங்கத்தின் வரலாறு. நூற்று அறுபது நூலகங்கள் சந்தா கட்டினால்தான் இதெல்லாம் நடக்கும் என்ற செய்தி மூன்றாவது பத்தியில், கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் இருந்தது. ஆசிரியர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது பத்தி வரைக்கும் படிக்கிற நூலகர் உலகத்தில் எங்காவது இருக்கலாம். அவர் அந்தப் பட்டியலில் இல்லை.

வாழ்த்துகள் வந்து குவிந்தன. 'பாராட்டுகள்', 'காலத்துக்கு ஏற்ற முடிவு' என்றெல்லாம் எழுதினார்கள். ஒருவர் கவிதையே எழுதி அனுப்பினார். சந்தா மட்டும் வரவில்லை. நவம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தெட்டு நூலகம். பயந்துபோய் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன் செய்தாள்.

"சந்தா இன்னும் வரலீங்களே."

"எதுக்குங்க? இலவசம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க."

"ஆமாங்க. நீங்க கட்டினா இலவசம்."

"நான் கட்டினா அது எனக்கு எப்படிங்க இலவசம்?"

 சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி தானே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் முன்னால் வைத்தாள். அவர் முப்பது வருடத்தில் முதல்முறையாக அவள் எழுதிய கடிதம் ஒன்றைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சந்தா அக்கா, சந்தா வேண்டாம்னு நீங்களே எழுதிட்டீங்களே."

"தப்பு என்னோடதுதான் சார்."

"கையெழுத்து என்னோடது. இப்ப என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க."

திட்டியிருந்தால் அழுதிருப்பாள். திட்டாததால் வேலையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. திருத்தக் கடிதம் ஒன்று போனது. அதையும் யாரும் படிக்கவில்லை. போன்தான் வழி என்று ஆனது.

முதல் நாள் இருபது நூலகத்துக்குப் பேசியதில் இரண்டுதான் தேறியது. 'அறிவு எல்லாருக்கும் பொது' என்று அவள் சொல்லச் சொல்ல, அவர்களும் 'ஆமாங்க, ஆமாங்க' என்று சொல்லிக்கொண்டே நழுவினார்கள். சாயங்காலம் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தவளிடம் கணவர் விஷயத்தைக் கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்புக்குப் பணம் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்து, மனித சுபாவத்தைப் பற்றி அவருக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் மிச்சமில்லை.

"கீழ் வீட்டுக்காரன்கிட்ட லிஃப்டுக்குப் பணம் கேட்டா, நான் ஏறவே மாட்டேனேம்பான். அவன்கிட்ட போய் நியாயம் பேசுனா வேலைக்கு ஆகாது. லிஃப்ட் நின்னா என்ன ஆகும்னு சொல்லணும். மேல இருக்கிறவனோட சைக்கிள், தண்ணி கேன் எல்லாம் உன் வாசல்லதான் வந்து நிக்கும்னு சொன்னா, மறுநாளே குடுத்துருவான்."

"எனக்கு அப்படி என்ன இருக்கு சொல்றதுக்கு?"

"கம்பெனி வாங்கிட்டா என்ன ஆகும்? அதைச் சொல்லு."

மறுநாள் அவள் அறிவைப் பற்றிப் பேசவில்லை. "நூத்தி அறுபது சேரலைன்னா இதழ் கம்பெனிக்குப் போயிடுதுங்க. அப்புறம் உங்க பேராசிரியர் ஒவ்வொரு கட்டுரைக்கும் அவங்க சொல்ற கட்டணத்தைக் கட்டணும். அவரு நேரா உங்ககிட்டதான் வந்து நிப்பாரு" என்றாள்.  "சந்தா ஃபாரத்தை அனுப்புங்க" என்று பதில் வரும். நாலாம் நாளே எண்ணிக்கை நூறைத் தாண்டியது. சிலர் எதைச் சொன்னாலும் அசையவில்லை. சில நூலகங்களுக்கு அந்த வருடம் உண்மையிலேயே வழியில்லை. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி நூற்று ஐம்பத்தொன்பதில் வந்து நின்றது. பட்டியலில் இருந்த எல்லாரிடமும் பேசியாகிவிட்டது. மருந்து கம்பெனிகளை நூலகக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஆசிரியரைக் கேட்டுப் பார்த்தாள். "அது ஏமாத்து" என்று சொல்லிவிட்டார்.

பழைய, நிறுத்திய சந்தாக்களின் கோப்பு ஒன்று இருந்தது. அதில் யார் இருக்கிறார் என்று அவளுக்குத் திறக்காமலே தெரியும். காலையிலிருந்து அந்தக் கோப்பைப் பார்ப்பதும், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தாள். மேலே யாரோ பல் பிடுங்கிக்கொண்டு கத்தினார்கள். நம் முறையும் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டே எண்களை அழுத்தினாள்.

பதினோரு வருடத்துக்கு முன்பிருந்த அதே நூலகர்தான் எடுத்தார். அவள் இதழின் பெயரைச் சொன்னதும், "சந்தா அக்காவா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க போனை வச்சாலும் வைக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு உங்களைக் கேக்காம முதல்வருக்கு எழுதினது தப்பு. ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டிருக்கணும். மன்னிப்புக் கேக்க இத்தனை வருஷம் ஆனதும் தப்பு. அதுவும் எனக்கு இப்ப உங்களால ஒரு காரியம் ஆகணும்கறப்ப கேக்கறேன், அது இன்னும் பெரிய தப்பு."

அவர் போனை வைக்கவில்லை. "காரியத்தைச் சொல்லுங்க" என்றார். சொன்னாள். கம்பெனியைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. கடிதத்தில் தான் செய்த கூத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் அதற்குக் கொஞ்சம் சிரித்தார்.

"உங்க தங்கச்சி இன்னும் வர்றாங்க, தெரியுமா? சனிக்கிழமை மத்தியானம் வருவாங்க. பூட்ஸை வாசல்ல கழட்டி வச்சிட்டு வந்து, இருக்கிற இதழெல்லாம் படிப்பாங்க. உங்களோடது மட்டும்தான் எங்ககிட்ட இல்ல."

அவள் பழைய கோப்பைத் தள்ளி வைத்தாள். அவரே தொடர்ந்தார்.

"நாங்க கட்டினா அவங்க வீட்டுல இருந்தே படிக்கலாம், அப்படித்தானே?"

"அவ மட்டும் இல்லீங்க. யார் வேணும்னாலும்."

"அப்ப அவங்க இங்க வர்றது நின்னுடும்" என்று சொல்லி, அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. முதல்வர்கிட்ட நான் பேசிக்கறேன். பதினோரு வருஷமா இந்தக் காலேஜ்கிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. தங்கச்சிகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. சொன்னா, அவளுக்காகப் பண்ணினேன்னு ஆயிடும். அப்புறம் படிக்க மாட்டா. அவ ரோஷம் எனக்குத் தெரியும்."

முப்பதாம் தேதி மத்தியானம் கல்லூரியின் சந்தா ஃபாரம் வந்தது. நூற்று அறுபது. ஆசிரியர் எழுந்து வந்து அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஜனவரி முதல் வாரம் அவளே ஒவ்வொரு கட்டுரையாகப் பூட்டை எடுத்தாள். எடுத்துவிட்டு, கடவுச்சொல் இல்லாமல் திறந்தும் பார்த்தாள். திறந்தது. கையில் இருந்த வேலையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது, மனசு லேசாகவும் இருந்தது.

யார் யார் படிக்கிறார்கள் என்று இப்போது தெரியாது. எத்தனை பேர் என்று மட்டும் தெரியும். முன்பு ஒரு மாதத்தில் திறந்த அளவு இப்போது ஒரே நாளில் திறந்தது. தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். விடிகாலை ஐந்து மணிக்கு ஒன்றிரண்டு இருக்கும். அது யாரோ என்று நினைத்துக்கொள்வாள். ஜனவரி போனது, பிப்ரவரி போனது. தங்கையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கிணற்றில் போட்ட கல் என்று முடிவு செய்து, எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டாள். எதிர்பார்க்கவில்லை என்று கணவரிடம் தினமும் சொல்லவும் செய்தாள்.

மார்ச் மாதம் ஒரு காலை, பத்து மணிக்கு அலுவலகப் போன் அடித்தது.

"அக்கா."

குரல் யாருடையது என்று தெரிந்தும் அவள், "யாரு?" என்றாள்.

"நான்தான். உங்க புது இதழ்ல நாப்பத்தேழாம் பக்கம் எடு. கன்னுக்குட்டிக்குக் குடற்புழு மருந்து பத்தின கட்டுரை. கீழ இருக்கிற அட்டவணையைப் பாரு."

"எடுத்தேன்."

"கிலோவுக்கு அஞ்சு மில்லிகிராம்னு இருக்கா? அது அரை. புள்ளி விட்டுப் போயிருக்கு. அஞ்சு போட்டா குட்டி சாயங்காலத்துக்குள்ள செத்துரும். எந்த மடையன் இதைப் பாத்து அனுப்பினது?"

"மூணு பேராசிரியருங்க பாத்தாங்க."

"அவங்க கன்னுக்குட்டியைக் கடைசியா எப்ப பாத்தாங்களாம்?"

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கால்நடை டாக்டரிடம் அது செல்லாது. தங்கை வரி வரியாகப் படித்திருந்தாள். இன்னும் இரண்டு இடத்தில் சந்தேகம் இருப்பதாகவும், கட்டுரை எழுதியவரிடம் கேட்க வேண்டும் என்றும் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அக்கா எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள்.

"கேக்கறியா, இல்லையா?"

"கேக்கறேன். நீ இதையெல்லாம் எழுதி அனுப்பு. இன்னைக்கே திருத்தம் போடச் சொல்றேன். நீ கண்டுபிடிச்சதுன்னு போட்டுத்தான் வரும்."

"அனுப்பறேன்" என்றாள் தங்கை. பிறகு, "அதுக்குச் சந்தா கட்டணுமா?" என்றாள்.

பதினோரு வருடம் சேர்த்து வைத்திருந்த குத்து அது. குத்து வாங்கியவளுக்கு வலிக்கவும் செய்தது, சிரிப்பும் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, எடுத்து வைத்திருந்த அலுவலக அச்சுப் பிரதியின் நாற்பத்தேழாம் பக்கத்தில் விழுந்தது.

"வேண்டாம்டி" என்றாள். "யாரும் எதுவும் கட்ட வேண்டாம். நீ பேசு."

தங்கை பேசினாள். வாசலில் ஆறு மாடு காத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் பேசினாள்.